விளம்பரத்தில் ஒரு வரி சேர்த்தால் போதுமா?

கேள்வி: இருபது பேர் வேலை பார்க்கும் வீடியோ தயாரிப்பு நிறுவனம் எங்களுடையது. எடிட்டிங், மோஷன் கிராஃபிக்ஸ், ஸ்கிரிப்ட் என எல்லாப் பிரிவிலும் ஒரே இனத்தவர்தான் இருக்கிறோம். ‘எல்லா இனத்தவரும் விண்ணப்பிக்கலாம்’ என்று விளம்பரத்தில் போட்டுப் பார்த்தோம், பலனில்லை. வேறென்ன செய்வது?

பதில்: அந்த வரி இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் சிக்கல் வேறெங்கோ இருக்கிறது. கடைசியாக எடுத்த பத்துப் பேரில் எத்தனை பேர் விளம்பரத்தைப் பார்த்து வந்தார்கள், எத்தனை பேர் உள்ளே இருப்பவர் சொல்லி வந்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள். இந்தத் துறையில் வேலை பெரும்பாலும் வாய்வழியாகவே நகர்கிறது. ‘நாளைக்கு ஒரு எடிட்டர் வேணும், யாராவது இருக்காங்களா?’ என்று ஊழியர்களின் வாட்ஸாப் குழுவில் கேட்டால், அவர்களைப் போன்றவர்கள்தான் வருவார்கள். சிபாரிசை நிறுத்த வேண்டாம். சிபாரிசில் வருபவரும் அதே படிவம், அதே தேர்வு, அதே கெடு வழியாக வரட்டும். எந்த வேலையானாலும் இரண்டு வாரமாவது வெளியே அறிவியுங்கள்.

அடுத்த ஆளெடுப்பிலிருந்து இனவாரிக் கணக்கு வையுங்கள். தேர்வுக் குழுவின் கண்ணில் படாத தனிப் படிவம் வேண்டும். விரும்பினால் நிரப்பலாம், ‘சொல்ல விரும்பவில்லை’ என்ற கட்டமும் இருக்க வேண்டும். பெயரைப் பார்த்து இனத்தை ஊகிக்கவே கூடாது. விண்ணப்பித்தவர், முதல் சுற்றில் தேறியவர், நேர்காணலுக்கு வந்தவர், வேலை பெற்றவர், ஓராண்டுக்குப் பிறகும் இருப்பவர் என ஒவ்வொரு படியிலும் எண்ணுங்கள். பெரும்பான்மையினர் 60 பேரில் 24 பேர் முதல் சுற்றில் தேறினால் 40 சதவீதம். சிறுபான்மையினர் 25 பேரில் 4 பேர் என்றால் 16 சதவீதம். 1978இல் வந்த அமெரிக்க அரசின் நெறிமுறைப்படி, ஒரு பிரிவின் தேர்ச்சி விகிதம் அதிக விகிதமுள்ள பிரிவினுடையதில் ஐந்தில் நான்கு பங்குக்குக் கீழே போனால் அந்தப் படியைச் சோதிக்க வேண்டும். இங்கே ஐந்தில் இரண்டு பங்குதான். ஒரே ஒரு வேலையின் கணக்கை வைத்து முடிவுக்கு வராதீர்கள்; நாலைந்து வேலைகளைச் சேர்த்துப் பாருங்கள். தொடங்கும் முன் உங்கள் நாட்டுச் சட்டத்தையும் பார்த்துவிடுங்கள். பிரான்ஸில் இனவாரித் தகவல் சேகரிக்கக் கடும் கட்டுப்பாடுகள் உண்டு.

விண்ணப்பங்களே வரவில்லை என்றால் விளம்பரத்தைப் பிரித்துப் பாருங்கள். பட்டப்படிப்பு, பெரிய ஸ்டூடியோ அனுபவம், ஓட்டுநர் உரிமம், ஏழெட்டு மென்பொருள்கள் எனப் பட்டியல் நீண்டால், எல்லாம் இருப்பவர் மட்டுமே துணிந்து விண்ணப்பிப்பார். முதல் நாளே தெரிந்திருக்க வேண்டியவை நான்கைந்துக்கு மேல் இருக்காது. பிரீமியர் என்ற எடிட்டிங் மென்பொருளில் தேர்ந்தவர், டாவின்சி ரிசால்வ் என்ற இன்னொன்றை வேலையிலேயே பழகிக்கொள்வார். சம்பளத்தை வெளிப்படையாகப் போடுங்கள். சம்பளமில்லா இன்டர்ன்ஷிப் இருந்தால் அதை முதலில் நிறுத்துங்கள். மாதக்கணக்கில் வருமானமில்லாமல் தாக்குப்பிடிக்க முடிந்தவர்கள் மட்டுமே அந்த வாசலில் நுழைய முடியும். பிறகு அவர்கள்தான் ‘அனுபவம் உள்ளவர்’ ஆகிறார்கள். சிறந்த படத்துக்கான ஆஸ்கர் தகுதியாக 2024 விருதுகளிலிருந்து நடைமுறையில் உள்ள, எல்லாப் பிரிவினருக்கும் இடம் தருவதற்கான நான்கு தரநிலைகளில் ஒன்று, சம்பளத்துடன் கூடிய பயிற்சி வாய்ப்பைப் பற்றியது.

முதல் சுற்றில் பெயரை மறைப்பது நல்லதுதான். பாஸ்டன், சிகாகோ நகரங்களில் போலி விண்ணப்பங்கள் அனுப்பி நடத்திய ஓர் ஆய்வு 2004இல் வெளியானது. விண்ணப்பத்தின் தரம் ஒன்றாக இருந்தும், கறுப்பினத்தவருக்குரிய பெயர்களைவிட வெள்ளையருக்குரிய பெயர்களுக்குச் சுமார் 50 சதவீதம் அதிக அழைப்புகள் வந்தன. ஆனால் ஷோரீல், அதாவது தான் செய்த வேலைகளின் சிறு வீடியோத் தொகுப்பு, கேட்கும் வேலையில் பெயரை மட்டும் மறைத்துப் பயனில்லை. முகம், மொழி, கடைசியில் ஓடும் டைட்டில் எல்லாம் காட்டிக்கொடுத்துவிடும். போதாக்குறைக்கு, நல்ல கேமராவும் பெரிய வாடிக்கையாளரும் கிடைத்தவரின் ரீல் எப்போதும் பளபளக்கும்.

அதனால் ஷோரீலோடு ஒரு சிறு வேலையும் கொடுங்கள். எடிட்டர் என்றால் எல்லோருக்கும் ஒரே 6 நிமிடக் காட்சித்தொகுப்பு, அதை 60 விநாடியாக வெட்ட வேண்டும், இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகக் கூடாது. ஃபைலுக்குப் பெயர் இல்லாமல் எண் மட்டும். உழைப்புக்குக் கூலி கொடுங்கள், உண்மையான வாடிக்கையாளர் வேலையைக் கொடுக்காதீர்கள். ‘வார இறுதியில் செய்து அனுப்புங்கள்’ என்றால் ஓய்வு நேரம் உள்ளவர் இருபது மணி நேரம் உழைப்பார், இரண்டு வேலை பார்ப்பவர் தோற்றுப்போவார்.

மதிப்பெண் 0 முதல் 4 வரை. எதற்கு எத்தனை என்று முன்பே எழுதிவைக்க வேண்டும். ‘கதை ஓட்டம்’ என்றால், முதல் 10 விநாடிக்குள் விஷயம் பிடிபட்டு, எடுத்துவிடலாம் என்று தோன்றும் ஷாட் ஒன்றுகூட இல்லையென்றால் 4. விஷயம் புரிந்தாலும் நடுவில் தொய்ந்தால் 2. யாரும் யாரோடும் பேசும் முன் தனித்தனியே மதிப்பெண் போடுங்கள். மூத்தவர் முதலில் வாய் திறந்தால் மற்றவர் கை தானாக அதே பக்கம் சாயும். ‘நம்ம டீமோட செட் ஆவாரா?’ என்பதற்கு மதிப்பெண் கிடையாது. என் கணிப்பில் அதிகச் சேதம் செய்யும் கேள்வி இதுதான். அதற்குப் பதில், ‘கடைசி நேரத்தில் வாடிக்கையாளர் மாற்றச் சொன்னபோது என்ன செய்தீர்கள்?’ என்று எல்லோரிடமும் கேளுங்கள்.

இறுதிப் பட்டியலில் சிறுபான்மையினர் ஒருவர் மட்டும் இருந்தால் கவனம். பல்கலைக்கழகப் பணிகளுக்கான 598 இறுதி வேட்பாளர்களை ஆராய்ந்து 2016இல் வெளியிட்ட முடிவுகளில், அப்படித் தனியே நின்றவருக்கு வாய்ப்பு ஏறக்குறைய இல்லை. இருவர் இருந்தபோது நிலைமை தலைகீழானது. அதற்காக இறுதி முடிவை இனத்தை வைத்து எடுக்க முடியாது. அமெரிக்காவில் 1964 குடிமை உரிமைகள் சட்டம் அதைத் தடுக்கிறது. பிரிட்டனின் 2010 சமத்துவச் சட்டம், தகுதி சமமாக உள்ள இருவரிடையே மட்டும், வரையறுத்த நிபந்தனைகளோடு இடம் கொடுக்கிறது. பட்டியலில் ஒருவர்தான் தேறினார் என்றால் விளம்பரக் காலத்தை நீட்டி, இதுவரை சொல்லாத கல்லூரிகளுக்கும் சமூக அமைப்புகளுக்கும் அனுப்புங்கள்.

சேர்ந்து மூன்று மாதம் ஆனதும் வேலைப் பங்கீட்டை எடுத்துப் பாருங்கள்: வாடிக்கையாளர் கூட்டத்துக்கு யார் போகிறார், டைட்டிலில் யார் பெயர் வருகிறது. புதியவருக்கு அவர் சமூகத்தைப் பற்றிய கதைகளும் மொழிபெயர்ப்பும் மட்டுமே திரும்பத் திரும்ப வந்தால் அவர் ரீலில் அதுதான் சேரும், ஓராண்டில் கிளம்பிவிடுவார். அடுத்த புராஜெக்டிலேயே மாற்றிக் கொடுங்கள்.