லென்ஸ் விலை ஏன் இப்படி ஏறி இறங்குகிறது, எங்கே வாங்குவது?

வாசகர் கேள்வி: சோனி மிரர்லெஸ் கேமரா பாடி வைத்திருக்கிறேன். 70-200 மி.மீ. எஃப்/2.8 ஜூம் லென்ஸ் வாங்க ஆறு மாதமாக விலையைக் குறித்து வருகிறேன். ஒரு வாரம் இறங்குகிறது, மறுவாரம் பழைய இடத்துக்கே போய்விடுகிறது. அதே லென்ஸ் வேறொரு தளத்தில் ஐந்தில் ஒரு பங்கு குறைவாகக் கிடைக்கிறது. இது எதனால்? எங்கே வாங்கலாம்? செகண்ட் ஹேண்ட் நம்பிக்கையானதா?

பதில்: ஆறு மாதம் விலையைக் குறித்து வைத்திருக்கிறீர்களே, அதுவே பாதி வேலை. அந்தக் குறிப்பில் இரண்டு வகை அசைவுகள் கலந்திருக்கின்றன. ஒன்று வாரக்கணக்கில் நடக்கும் ஏற்ற இறக்கம். மற்றொன்று ஆண்டுக்கணக்கில் மெல்ல நடக்கும் சரிவு. பலரும் முதலாவதைப் பார்த்துப் பதறுகிறார்கள். பணம் அதிகம் கரைவதோ இரண்டாவதில்தான்.

வார அசைவுக்குப் பெரும்பாலும் காரணம் தயாரிப்பாளர் தரும் தற்காலிகத் தள்ளுபடி. கடைக்காரர் தன் விருப்பத்துக்கு விலை குறைப்பது அரிது. எந்த விலைக்குக் கீழே விளம்பரம் செய்யக் கூடாது என்று பல சந்தைகளில் நிறுவனமே வரையறுத்து வைத்திருக்கும். ஒரே நாளில் எல்லாக் கடைகளிலும் ஒரே தொகை இறங்குவதும், சில வாரம் கழித்து ஒரே நாளில் ஏறுவதும் அதனால்தான். நீங்கள் பார்த்த ‘ஏற்றம்’ விலை உயர்வு அல்ல, தள்ளுபடி முடிந்ததுதான். உங்கள் குறிப்பில் இரண்டு முறையாவது வந்த மிகக் குறைந்த எண் எதுவோ, அதையே அந்த லென்ஸின் உண்மையான விலையாக எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு முறை வந்தது மூன்றாம் முறையும் வர வாய்ப்பு அதிகம்.

இதற்கு மேல் நாணய மாற்று. சோனி, கேனான், நிக்கான், சிக்மா, டாம்ரான் எல்லாமே ஜப்பானிய நிறுவனங்கள், கணக்கு யென்னில். கடையில் இருக்கும் பழைய ஸ்டாக் பழைய விலையில் விற்கும், அடுத்த சரக்கு வரும்போது புது விலை ஒட்டப்படும். 2021 தொடக்கத்தில் ஒரு டாலருக்கு 105 யென் அளவில் இருந்தது, 2024 ஜூலையில் 160-ஐத் தாண்டியது. யென் அவ்வளவு சரிந்தும் மற்ற நாடுகளில் லென்ஸ் விலை அந்த அளவுக்கு இறங்கவில்லை. ஏற்றம் சீக்கிரம் வந்து சேர்கிறது, இறக்கம் பாதி வழியில் நின்றுவிடுகிறது. அமெரிக்காவில் 2025-இல் இறக்குமதி வரி கூடியதும் நிக்கானும் சிக்மாவும் சில மாதங்களுக்குள் விலையை உயர்த்தின. உற்பத்தி தடைபட்டாலும் விலை எகிறும். 2011 அக்டோபரில் தாய்லாந்து வெள்ளத்தில் நிக்கானின் அயூத்தயா ஆலை மூழ்கியபோது, அங்கே தயாரான லென்ஸ்களுக்குப் பல மாதம் தட்டுப்பாடு. இந்த மாதிரி நேரத்தில் அவசரத் தேவை இல்லாவிட்டால் காத்திருப்பதே நல்லது.

இனி மெல்ல நடக்கும் சரிவு. எனக்கு இதுதான் முக்கியம். லென்ஸ் விலையைக் கண்ணாடியும் உலோகமும் மட்டும் தீர்மானிப்பதில்லை. அது எந்த மவுண்டில் (லென்ஸை கேமராவில் மாட்டும் வளையத்தில்) பொருந்துகிறது, அந்த மவுண்டுக்கு நாளை யார் பாடி செய்வார்கள், அதே வேலையைச் செய்யும் வேறு லென்ஸ் இருக்கிறதா, இந்த மூன்றும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.

கேனானின் பழைய எஃப்டி மவுண்ட் லென்ஸ்களைப் பாருங்கள். 1987-இல் ஈஎஃப் மவுண்ட் வந்ததும் எஃப்டி அநாதையானது. மவுண்டிலிருந்து ஃபிலிம் வரை உள்ள தூரம் எஃப்டி-யில் 42 மி.மீ., ஈஎஃப்-இல் 44 மி.மீ. இந்த 2 மி.மீ. வித்தியாசத்தால், நடுவில் ஒரு கண்ணாடி சேர்க்காமல் புது பாடியில் அவற்றைத் தூரக் காட்சிக்கு ஃபோகஸ் செய்ய முடியாது. அருமையான லென்ஸ்கள் இருபது ஆண்டுக்கு மேல் கேட்பாரின்றிக் கிடந்தன. பிறகு, உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமரா வந்தது. 2010-இல் வந்த சோனியின் ஈ-மவுண்டில் அந்தத் தூரம் 18 மி.மீ. மட்டுமே. நடுவில் வெறும் உலோகக் குழாய் ஒன்று போதும், எஃப்டி லென்ஸ் மீண்டும் உயிர்பெற்றது. விலையும் ஏறியது. கண்ணாடியில் எந்த மாற்றமும் இல்லை. அதைப் பொருத்த ஓர் இடம் கிடைத்தது, அவ்வளவுதான்.

இதற்கு நேர்மாறானது சாம்சங்கின் என்எக்ஸ் மவுண்ட். அதுவும் 2010-இல் வந்தது, நல்ல லென்ஸ்கள் வந்தன, சில ஆண்டுகளில் நிறுவனம் கேமரா தொழிலையே விட்டுவிட்டது. எஃப்டி-க்குக் கிடைத்த இரண்டாம் வாழ்வு இதற்குக் கிடைக்கவில்லை. எஃப்டி-யில் அப்பர்ச்சரை (ஒளி நுழையும் துவாரத்தை) கையால் திருக வளையம் உண்டு. என்எக்ஸ் லென்ஸில் அப்பர்ச்சர், ஃபோகஸ் இரண்டுமே பாடியிலிருந்து வரும் மின்சாரத்தில்தான் இயங்கும். அந்த பாடி இல்லையென்றால் லென்ஸ் அசையாது. இன்று நாம் வாங்கும் லென்ஸ்களில் பெரும்பாலானவை இந்த வகை என்பதை மறக்க வேண்டாம்.

உங்கள் மவுண்ட் இப்போதைக்குப் பாதுகாப்பானது. 2011-இல் சோனி ஈ-மவுண்டின் அடிப்படை விவரங்களை மற்ற நிறுவனங்களுக்குக் கட்டணமின்றித் திறந்துவிட்டது. அதன் பலன் உங்கள் கையில் இருக்கிறது. சோனியின் 70-200 ஜிஎம் (அதன் உயர்தர வரிசை) முதல் பதிப்பு 2016, இரண்டாம் பதிப்பு 2021; டாம்ரானின் 70-180 2020-இலும் அதன் அடுத்த பதிப்பு 2023-இலும் வந்தன; சிக்மாவின் 70-200-உம் 2023 இறுதியில் வந்தது. ஒரே வேலைக்கு ஐந்து லென்ஸ்கள் போட்டிபோட்டால் விலை இறங்காமல் என்ன செய்யும்? இதற்கு மாறாக, கேனானின் மிரர்லெஸ் மவுண்டான ஆர்எஃப் 2018-இல் வந்தாலும், சிக்மாவும் டாம்ரானும் உரிமம் பெற்று ஆட்டோஃபோகஸ் லென்ஸ் அறிவித்தது 2024-இல்தான், அதுவும் சிறிய சென்சார் பாடிகளுக்கு.

புதிய பதிப்பு வந்ததும் பழையது இறங்கும் என்பது தெரிந்ததே. ஆனால் எவ்வளவு இறங்கும் என்பது புதியது எதை மேம்படுத்தியது என்பதைப் பொறுத்தது. சோனியின் முதல் ஜிஎம் 1,480 கிராம், இரண்டாவது 1,045 கிராம். நாள் முழுவதும் கல்யாண மண்டபத்தில் நின்று படமெடுப்பவருக்கு இந்த 435 கிராம் பெரிய விஷயம். அதனால் தொழில்முறைக்காரர்கள் கூட்டமாகப் பழையதை விற்றார்கள், அது நன்றாகவே இறங்கியது. முக்காலியில் வைத்து எடுப்பவர் நீங்கள் என்றால், அந்த இறக்கம் முழுக்க உங்களுக்கு லாபம்.

டாம்ரான், சிக்மாவுக்குப் போகுமுன் ஒன்றைக் கவனியுங்கள். வினாடிக்கு 30 படம் எடுக்கும் சோனி பாடிகளில் மற்ற நிறுவன லென்ஸ்களுக்கு 15 படம்தான் உச்சவரம்பு. லென்ஸுக்கும் பாடிக்கும் நடுவில் மாட்டி, தூரத்துப் பொருளை இன்னும் பெரிதாகக் காட்டும் சோனியின் டெலிகன்வர்ட்டரும் அவற்றில் பொருந்தாது. பறவையும் விளையாட்டும் எடுப்பவருக்கு இது இடிக்கும். மற்றவர்கள் தாராளமாக வாங்கலாம்.

எங்கே வாங்குவது? அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் கொடுக்கும் கூடுதல் பணம் வாரண்டிக்கும், பழுதான லென்ஸைத் திருப்பிக் கொடுக்கும் உரிமைக்கும். நீங்கள் பார்த்த ஐந்தில் ஒரு பங்கு குறைவு, அநேகமாக கிரே மார்க்கெட் சரக்கு. வேறொரு நாட்டுக்கு என அனுப்பப்பட்டு, அதிகாரப்பூர்வ இறக்குமதியாளர் வழியாக வராமல் உங்களிடம் வருவது. போலி அல்ல, அதே ஆலையில் செய்த அதே லென்ஸ். ஆனால் வாரண்டி அந்த வேறு நாட்டோடு நின்றுவிடும். நிக்கானின் அமெரிக்கக் கிளை இத்தகைய சரக்கைப் பணம் கொடுத்தாலும் பழுதுபார்ப்பதில்லை. மோட்டார், கை நடுக்கத்தைச் சமன்செய்யும் ஸ்டெபிலைசர் எல்லாம் நிறைந்த 70-200-க்கு நான் இந்த வழியைச் சொல்ல மாட்டேன். மோட்டாரே இல்லாத மேனுவல் ஃபோகஸ் லென்ஸ் என்றால் பயமில்லாமல் வாங்கலாம்.

நிறுவனமே பழுதுநீக்கிச் சோதித்து விற்கும் ரீஃபர்பிஷ்டு லென்ஸ்களைப் பலர் கவனிப்பதில்லை. ஒவ்வொன்றாகச் சோதிக்கப்பட்டு வருவதால், சில நேரம் புதுப் பெட்டியைவிட நம்பலாம்.

செகண்ட் ஹேண்ட் நம்பிக்கையானதா என்று கேட்டீர்கள். லென்ஸைப் பொறுத்தவரை என் முதல் தேர்வே அதுதான். பாடி போல லென்ஸ் இரண்டு ஆண்டில் பழசாவதில்லை. ஏற்கெனவே இறங்கிய விலையில் வாங்கி மூன்று ஆண்டு கழித்து விற்றால், இழப்பு பெரும்பாலும் வாடகைச் செலவைவிடக் குறைவு. திருப்பிக் கொடுக்க அவகாசம் தரும் பழைய லென்ஸ் வியாபாரியிடம் முதலில் பாருங்கள். தனி நபரிடம் வாங்கினால் இன்னும் குறையும், ஆனால் சோதிப்பது முழுக்க உங்கள் பொறுப்பு. பெட்டிகூடப் பிரிக்காததுபோல் மினுமினுத்த லென்ஸ் ஒன்றை அவசரத்தில் வாங்கிவிட்டு, வீட்டில் டார்ச் அடித்துப் பார்த்து, உள்ளே சிலந்தி வலைபோல் பூஞ்சை படர்ந்திருந்ததைக் கண்டு நான் உட்கார்ந்த இரவு இன்னும் நினைவிருக்கிறது.

ஆகவே டார்ச் இல்லாமல் போகாதீர்கள். லென்ஸின் பின்பக்கமிருந்து சாய்வாக ஒளி அடித்து முன்பக்கம் பாருங்கள். தூசுத் துகள்கள் இருந்தால் கவலை இல்லை, படத்தில் தெரியாது. நூல்போல் கிளைவிட்ட பூஞ்சையோ, மூச்சுக்காற்று படிந்ததுபோன்ற மங்கலோ இருந்தால் வேண்டாம். பூஞ்சை கண்ணாடியின் பூச்சை அரித்துவிட்டால், துடைத்தாலும் தழும்பு போகாது. பிறகு உங்கள் பாடியில் மாட்டி, 70-இலும் 200-இலும், அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து, தொலைவிலுள்ள ஒரே பொருளை படத்தின் நான்கு மூலையிலும் வைத்து நான்கு படம் எடுங்கள். மூன்று மூலை கூர்மையாகவும் ஒன்று மட்டும் குழைந்தும் இருந்தால், உள்ளே ஒரு கண்ணாடி நகர்ந்திருக்கலாம், லென்ஸ் எப்போதோ கீழே விழுந்திருக்கலாம். வெளியே கீறலே இல்லாவிட்டாலும் அதை வாங்காதீர்கள். ஜூமையும் ஃபோகஸ் வளையத்தையும் மெதுவாக முழுதும் திருகிப் பாருங்கள். நடுவில் எங்காவது இறுகினால் காரணம் கேளுங்கள்.

உங்கள் நிலையில் நான் இருந்தால், முதல் பதிப்பு ஜிஎம்-ஐத் திருப்பும் அவகாசத்தோடு செகண்ட் ஹேண்டில் தேடுவேன். எடை தாங்காது என்றால், டாம்ரானின் 2023 பதிப்பைத் தள்ளுபடி வாரத்தில் புதிதாக வாங்குவேன். எதை வாங்கினாலும் பணம் கொடுக்கும் முன் லென்ஸில் பொறித்த சீரியல் நம்பரும் பில்லில் உள்ளதும் ஒன்றா என்று பார்த்துவிட்டு, இரண்டையும் ஒரே படத்தில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சர்வீஸுக்குக் கொடுக்கும்போதும், பின்னாளில் நீங்கள் விற்கும்போதும் அந்தப் படத்தைத்தான் முதலில் கேட்பார்கள்.