குடும்பப் படங்களை வைத்துப் பிள்ளைகளுக்கு மீட்பைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க முடியுமா?

தாராளமாக முடியும். ஆனால் “வில்லன் கடைசியில் நல்லவனாகிவிடுகிறான், இதுதானே மீட்பு?” என்று கேட்டிருக்கிறீர்கள். ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள்கூட வழுக்கும் இடம் இது. கெட்டவன் மனம் திரும்புவது ஒன்று, அவன் மீட்கப்படுவது இன்னொன்று. மீட்பென்றால் யாரோ ஒருவர் கிரயம் செலுத்தியிருக்க வேண்டும். வெள்ளியும் பொன்னும் அல்ல, கிறிஸ்துவின் இரத்தமே அந்தக் கிரயம் என்கிறது 1 பேதுரு 1:18-19. எனவே எந்தப் படமானாலும் முதலில் கேட்க வேண்டியது: இவன் செய்த தப்புக்கு விலை கொடுத்தது யார்?

இதைக் கேட்டாலே பாதிப் படங்கள் கழிந்துவிடும். ‘ஃப்ரோசன்’ (2013) படத்தில் அக்காவைக் காக்க அன்னா வாளுக்குக் குறுக்கே பாய்ந்து பனிச்சிலையாகிறாள். நண்பனுக்காக உயிரைக் கொடுப்பதைவிடப் பெரிய அன்பில்லை என்னும் யோவான் 15:13க்கு அருமையான காட்சி. ஆனால் அங்கே மன்னிக்கப்படும் துரோகி யாருமில்லை. ‘பியூட்டி அண்ட் த பீஸ்ட்’ (1991) படத்தில் மந்திர ரோஜாவின் கடைசி இதழ் உதிர்வதற்குள், சாபத்தால் மிருகமான இளவரசன் ஒரு பெண்ணின் அன்பைச் சம்பாதித்தாக வேண்டும். ரோமர் 5:8 இதற்கு நேர் எதிர்: நாம் பாவிகளாயிருக்கையில் கிறிஸ்து மரித்தார். அதற்காகப் படத்தை ஒதுக்க வேண்டாம். “அவன் கடைசிவரை முரடனாகவே இருந்திருந்தால் நாயகி பெல் அவனை நேசித்திருப்பாளா?” என்று கேட்டுவிட்டு அந்த வசனத்தை வாசியுங்கள். இரண்டுக்கும் உள்ள இடைவெளியைப் பிள்ளைகளே சொல்வார்கள்.

வில்லன் செத்துப் பரிகாரம் தேடும் படங்களில் மட்டும் கவனம் தேவை. ‘ரிட்டர்ன் ஆஃப் த ஜெடை’ (1983) படத்தில் டார்த் வேடர் மகனைக் காப்பாற்றிவிட்டு இறக்கிறான். செத்துப்போனால் கணக்குத் தீர்ந்தது என்ற எண்ணம் குழந்தை மனதில் சுலபமாகப் பதியும். லூக்கா 23இல் இயேசுவின் பக்கத்தில் அறையப்பட்ட கள்ளனும் சிலுவையில்தான் சாகிறான். ஆனால் அவனுக்குப் பரதீசு கிடைத்தது அவன் சாவுக்குக் கூலியாக அல்ல. இந்த ஒப்பீட்டைச் செய்யாமல் அந்தப் படத்தை முடிக்காதீர்கள்.

தொடங்குவதற்கு நார்னியா முதல் படம் (2005) நல்லது. சி. எஸ். லூயிஸ் கிறிஸ்தவப் பார்வையோடு எழுதிய கதை என்பதால் வலிந்து பொருத்த வேண்டியதில்லை. இனிப்புக்கு ஆசைப்பட்டு சிறுவன் எட்மண்ட் சொந்த அண்ணன், அக்கா, தங்கையையே சூனியக்காரியிடம் காட்டிக்கொடுக்கிறான். துரோகியின் உயிர் சட்டப்படி தனக்குச் சொந்தம் என்கிறாள் சூனியக்காரி. அஸ்லான் என்ற சிங்கம் அந்தச் சட்டத்தை இல்லையென்று சொல்வதில்லை, அவனுக்குப் பதிலாகத் தானே கல்மேசையில் சாகிறது. எல்லோரும் பாடமெடுப்பது இந்தக் காட்சியைத்தான். அதற்கு முன் வரும் சின்னக் காட்சியைப் பலர் தவறவிடுகிறார்கள். மீண்டு வந்த எட்மண்டும் அஸ்லானும் தனியாகப் பேசுகிறார்கள். என்ன பேசினார்கள் என்பது நமக்குக் கேட்பதில்லை. பிறகு மற்றவர்களிடம், நடந்து முடிந்ததைப் பற்றி இவனிடம் பேசத் தேவையில்லை என்கிறது அஸ்லான். “அந்தப் பேச்சை ஏன் நமக்குக் காட்டவில்லை?” என்று கேட்டுப் பாருங்கள். அடுத்தவர் பாவத்தைக் கிளறாமலிருப்பதும் மன்னிப்பில் அடங்கும் என்பதைக் காட்ட இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

அடுத்து ‘டாய் ஸ்டோரி 3’ (2010). துண்டாக்கும் இயந்திரத்தில் சிக்கவிருந்த லாட்சோ கரடியை, தங்களுக்குக் கொடுமை செய்தவன் என்று தெரிந்தும் பொம்மைகளான வுடியும் பஸ்ஸும் காப்பாற்றுகிறார்கள். கொஞ்ச நேரத்தில் எல்லோரும் உலைக்கு இழுத்துச் செல்லப்படும்போது, நிறுத்தும் பொத்தானுக்குப் பக்கத்தில் அவன் மட்டும் போய்ச் சேருகிறான். அழுத்தாமல் ஓடிவிடுகிறான். கிருபை கொடுக்கப்பட்டும் அதை உதறிய ஒருவனை இவ்வளவு தெளிவாகக் காட்டும் குடும்பப் படம் அபூர்வம். இதோடு லூக்கா 19இல் வரும், வரி வசூலிக்கும் சகேயுவை வைத்துப் பாருங்கள். இயேசு அவன் வீட்டுக்கு வந்த பிறகு, அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகத் திரும்பக் கொடுக்கிறேன் என்கிறான். கிருபை முதலில், மாற்றம் பின்னால்.

செய்யும் விதமும் முக்கியம். முதல் தடவை படத்தை எங்கும் நிறுத்தாதீர்கள், முழுதாக ரசிக்கட்டும். மறுநாள் ஒரே ஒரு காட்சியை, ஐந்து நிமிடத்துக்கு மிகாமல், மறுபடி போடுங்கள். படத்தைப் பற்றி மட்டும் இரண்டு மூன்று கேள்விகள், பிறகு ஒரே ஒரு வேதப்பகுதி. ஐந்து வசனங்களை அடுக்கினால் ஒன்றும் நிற்காது. கடைசியில் “படத்தில் எது குறைகிறது?” என்று கேளுங்கள். இதை விட்டால் எல்லாக் கதாநாயகனும் இயேசு என்ற குழப்பம் வரும். எதைக் கேட்டாலும் “இயேசு” என்று ஒப்பிக்கும் பழக்கமும் ஒட்டிக்கொள்ளும். அச்சடித்த கேள்வித்தாள்களைப் பிள்ளைகள் கையில் திணிப்பவர்கள் மேல் எனக்கு வருத்தமே இதனால்தான். எல்லாக் கேள்விக்கும் விடை ஒன்றே என்று தெரிந்தபின் எந்தப் பிள்ளை யோசிக்கும்?

“எட்மண்ட் மாதிரிதானே நேற்று நீயும் செய்தாய்?” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அடுத்த வாரம் அந்தப் பிள்ளை வாயே திறக்காது. தீர்க்கதரிசி நாத்தான், பாவம் செய்த தாவீது ராஜாவிடம் ஒரு கதையைச் சொல்லி, ராஜாவே தீர்ப்புச் சொல்லும்வரை காத்திருந்தான் (2 சாமுவேல் 12). பிறகு நாத்தானே “நீயே அந்த மனுஷன்” என்றானே என்பீர்கள். அவனைக் கர்த்தர் அதற்காகவே அனுப்பியிருந்தார். நமக்குக் காத்திருக்கும் பகுதி போதும்.

சினிமாவை வைத்து வேதம் போதிப்பதா என்று கோபப்படுபவர்கள் அப்போஸ்தலர் 17:28 பார்க்கவும். அத்தேனே பட்டணத்தாரிடம் பவுல் அவர்களுடைய புலவர்களின் வரியையே எடுத்துப் பேசினார். அந்தக் கவிதையை வேதமாக்கவில்லை, அதிலிருந்து பேச்சைத் தொடங்கினார். நானும் அதைத்தான் சொல்கிறேன்.

வீட்டுக்கு வெளியே, சபையில் திரையிடுவதாக இருந்தால் பொதுத் திரையிடலுக்கான உரிமம் தேவையா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். வீட்டில் பார்ப்பதற்கான சந்தா பொதுவாக அதற்குச் செல்லாது.