கையெழுத்துப் போடுவதற்கு முன்: வேலையிட உரிமைகள், வாசகர் கேள்வி பதில்

சென்னை வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளில் ஐந்து இங்கே. கேட்டவர்கள் வேலையில் இருப்பவர்கள் என்பதால் பெயர்களையும் நிறுவனங்களையும் தவிர்த்திருக்கிறோம்.

தி.நகர் துணிக்கடை ஒன்றில் புடவை செக்‌ஷனில் இருக்கிறேன். காலை 10 மணி முதல் இரவு 9 மணி வரை நின்றபடியே வேலை. மதியம் கூட்டம் இல்லாதபோது ரேக்கில் லேசாகச் சாய்ந்தால்கூட, கேமராவில் பார்த்துவிட்டு மைக்கில் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். உட்காரச் சட்டம் இருக்கிறது என்கிறார்களே, உண்மையா? (வாசகி, மேற்கு மாம்பலம்)

உண்மைதான். 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். கேரளம் 2018-லேயே இதைச் செய்துவிட்டது. வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் உட்காரும்படி, எல்லா ஊழியர்களுக்கும் தகுந்த இருக்கை வசதி இருக்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம். ‘எல்லா ஊழியர்களுக்கும்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். பத்துப் பேர் நிற்கும் தளத்தில் தூணுக்குப் பின்னால் ஒரு ஸ்டூலைப் போட்டுவிட்டு ‘வசதி செய்தாகிவிட்டது’ என்று சொல்ல முடியாது. கேஷ் கவுன்ட்டரில் இருப்பவருக்கு மட்டும் நாற்காலி கொடுத்தாலும் போதாது.

‘வாடிக்கையாளர் வரும்போது உட்கார்ந்திருந்தால் மரியாதையா?’ என்று கேட்பார்கள். ஆள் வந்தால் எழுந்து புடவையை விரித்துக் காட்டப்போவது நீங்கள்தான். ஆள் இல்லாத நேரத்தைப் பற்றித்தான் சட்டம் பேசுகிறது. நடக்கும்போது கெண்டைக்கால் தசை ஒரு பம்பு போலச் சுருங்கி விரிந்து, ரத்தத்தை மேலே தள்ளும். அசையாமல் நின்றால் அந்த வேலை நடக்காது. ரத்தம் காலிலேயே தேங்கும், கணுக்கால் வீங்கும். வருடக்கணக்கில் இப்படி நிற்பவர்களுக்கு நரம்பு சுருட்டிக்கொள்ளும் வாய்ப்பு அதிகம். அரை மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் உட்கார்ந்தாலே காலுக்குப் பெரிய ஆறுதல்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்காத இன்னொரு விஷயமும் இருக்கிறது. 10 மணி முதல் 9 மணி என்றால் 11 மணி நேரம். அதே சட்டப்படி கடை ஊழியருக்கு ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை. தொடர்ந்து 4 மணி நேரம் வேலை வாங்கினால், அதற்குமேல் தொடரும் முன் ஒரு மணி நேர ஓய்வு தர வேண்டும். 8 மணியைத் தாண்டிய நேரத்துக்கு இரட்டைச் சம்பளம். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் விட்டாலும், தினமும் 2 மணி நேர ஓவர்டைம் உங்களுக்கு வர வேண்டியிருக்கிறது. ஒரு சின்ன நோட்டில் வந்த நேரம், சாப்பிடப் போன நேரம், கிளம்பிய நேரம் மூன்றையும் அன்றன்றைக்கே எழுதுங்கள். மாதக் கடைசியில் நினைவிலிருந்து எழுதினால் எல்லா வரியும் ஒரே மாதிரி இருக்கும், அதை யாரும் நம்ப மாட்டார்கள்.

தனியாகப் போய்க் கேட்காதீர்கள். அதே தளத்தில் இருக்கும் நாலைந்து பேர் கையெழுத்திட்டு மேனேஜருக்கு ஒரு கடிதம் கொடுத்து, நகலில் தேதியோடு ஒப்புகை வாங்குங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். இரண்டு வாரம் கழித்தும் மாற்றமில்லை என்றால், அந்தப் பகுதிக்கான தொழிலாளர் துறை உதவி ஆய்வாளருக்கு எழுதலாம். அது எந்த அலுவலகம் என்று தெரியாவிட்டால் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உள்ள தொழிலாளர் ஆணையர் அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

ஓ.எம்.ஆரில் ஐ.டி. நிறுவனம் ஒன்றில் ஆறு வருடமாக இருக்கிறேன். எச்.ஆர். அறைக்கு அழைத்து, ‘இன்று மாலைக்குள் பேப்பர் (ராஜினாமா) போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் டெர்மினேஷன்தான், கிராச்சுட்டியும் வராது’ என்றார்கள். நாளை வரை நேரம் கேட்டிருக்கிறேன். என்ன செய்வது? (வாசகர், சோழிங்கநல்லூர்)

முதலில் கிராச்சுட்டி (பணிக்கொடை) பயத்தை விட்டுவிடுங்கள். ஐந்து வருடம் முடித்தவருக்கு அது அவர் சம்பாதித்த பணம். நீங்களாக விலகினாலும் அவர்கள் அனுப்பினாலும் பொதுவாக வந்தாக வேண்டும். கடைசியாக வாங்கிய சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வருடங்களால் பெருக்க வேண்டும். கணக்கில் எடுக்கும் சம்பளம் 52,000 ரூபாய் என்றால் வருடத்துக்கு 30,000, ஆறு வருடத்துக்கு 1,80,000 ரூபாய். 21.11.2025 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்திருக்கின்றன. அவற்றின்படி அலவன்சுகள் மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகையும் ‘சம்பளம்’ என்ற கணக்கில் சேரும். பேசிக்கை (அடிப்படைச் சம்பளத்தை) குறைவாகக் காட்டியிருக்கும் நிறுவனங்களில் இது பெரிய வித்தியாசத்தைத் தரும். பழைய சம்பள வரையறைப்படி கணக்குப் போட்டுக் கொடுத்தால் அப்படியே ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ராஜினாமாவில் கையெழுத்திட்டால் நீங்கள் இழப்பது வேறு. கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41-ஆவது பிரிவு, ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரைத் தகுந்த காரணமில்லாமலும் ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம் இல்லாமலும் நீக்கக் கூடாது என்கிறது. நடத்தைக் குற்றம் சாட்டினால் விசாரணை நடத்தி நிரூபிக்க வேண்டும். நீக்கப்பட்டால் உத்தரவு கைக்கு வந்த 30 நாளுக்குள் தொழிலாளர் துறையின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். ஆட்குறைப்பு என்றால், சட்டப்படி ‘தொழிலாளி’ என்ற வரையறைக்குள் வருபவருக்கு ஒவ்வொரு முழு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம். உங்களுக்கு அது 90 நாள் சம்பளம். நீங்களாக எழுதிக்கொடுத்துவிட்டால் இந்தக் கதவுகள் எல்லாமே மூடிக்கொள்ளும். அதனால்தான் அவர்கள் உங்கள் கையாலேயே அதை எழுதி வாங்க அவசரப்படுகிறார்கள்.

‘டீம் லீட்’, ‘அசோசியேட் மேனேஜர்’ என்ற பட்டம் இருந்தால் இதெல்லாம் பொருந்தாது என்பார்கள். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவருக்குச் சட்டம் விலக்கு அளிக்கிறது, சரி. ஆனால் விசிட்டிங் கார்டில் என்ன அச்சாகியிருக்கிறது என்பதைவிட, தினமும் செய்தது என்ன என்பதுதான் பார்க்கப்படும். கோட் எழுதினீர்களா, டெஸ்ட் செய்தீர்களா, லீவு சாங்ஷன் செய்து ஆளெடுத்து ஆளனுப்பினீர்களா? அதைக் காட்டும் டாஸ்க் விவரங்களைக் குறித்து வையுங்கள்.

இன்றிரவே எச்.ஆருக்கு ஒரு மெயில் போடுங்கள், உங்கள் சொந்த மெயிலுக்கும் ஒரு நகல். நாலு வரி போதும்: ‘இன்று இத்தனை மணிக்கு, இன்ன அறையில், இன்னார் என்னை ராஜினாமா செய்யச் சொன்னார். எனக்கு அதில் விருப்பமில்லை. வேலையில் தொடரத் தயாராக இருக்கிறேன். நிறுவனத்தின் முடிவு எதுவானாலும் காரணத்தோடு எழுத்தில் தரவும்.’ கோபம் வேண்டாம், மிரட்டல் வேண்டாம். ஆஃபர் லெட்டர், சம்பள சிலிப்புகள், அப்ரைசல் கடிதங்கள், ஃபார்ம் 16 (வருமான வரிப் பிடித்தச் சான்று) ஆகியவற்றை எடுத்து வையுங்கள். கிளையன்ட் ஃபைலையோ எழுதிய புரோகிராம் கோட் எதையுமோ மட்டும் வெளியே அனுப்பிவிடாதீர்கள். பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான்: அதையே குற்றச்சாட்டாக்கி விசாரணை வைத்துவிடுவார்கள்.

இதைப் படிக்கும் வேறு யாராவது ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டிருந்தால், விலகல் நடப்புக்கு வரும் தேதிக்கு முன்பே, முடிந்தால் அன்றைக்கே, ‘நிர்ப்பந்தத்தில் எழுதியது, திரும்பப் பெறுகிறேன்’ என்று மெயில் அனுப்ப வேண்டும். ஒரு வாரம் விட்டால் வாதம் பலவீனமாகிவிடும். எந்த வகையில் வெளியேறினாலும் சம்பள பாக்கியை இரண்டு வேலை நாளுக்குள் தர வேண்டும் என்பது புதிய சட்டம். ‘செட்டில்மென்ட் 45 நாள் ஆகும்’ என்ற பழைய பல்லவி இனிச் செல்லாது.

எட்டுப் பேர் வேலை செய்யும் சின்ன அலுவலகம். முதலாளியே தகாத முறையில் பேசுகிறார், இரவில் வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்புகிறார். புகார்க் கமிட்டி எதுவும் இல்லை. யாரிடம் சொல்வது? (வாசகி, கிண்டி)

உங்களை மாதிரி நிலையில் இருப்பவர்களுக்காகவே பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. 10 பேருக்குக் குறைவான இடம் என்றாலும், புகார் முதலாளி மேலேயே என்றாலும், மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். சென்னைக்கு ராஜாஜி சாலையில் உள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில், சமூகநலப் பிரிவில் கேளுங்கள்.

கடைசிச் சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம், ஆனால் அதை நம்பிக் காத்திருக்காதீர்கள். புகார் ஆறு பிரதிகள். ‘அடிக்கடி தொல்லை தருகிறார்’ என்று பொதுவாக எழுதினால் விசாரணையில் நிற்காது. தேதி, இடம், அவர் சொன்ன சொல் அப்படியே, அருகில் யார் இருந்தார் என்று சம்பவம் சம்பவமாக எழுதுங்கள். சொல்லை எழுதக் கூச்சமாக இருக்கும், புரிகிறது. என்றாலும் எழுதுங்கள்.

வாட்ஸ்அப் செய்தியை அழிக்காதீர்கள், அவரை பிளாக் செய்யும் முன் சாட் உரையாடலை எக்ஸ்போர்ட் செய்து மெயிலில் போட்டு வையுங்கள். ஸ்கிரீன்ஷாட்டில் நீங்கள் சேமித்த பெயர் மட்டும் தெரிந்தால், ‘அது நான் இல்லை’ என்பார். எண் தெரியும் புரொஃபைல் பக்கத்தையும் சேர்த்து எடுங்கள். போனை மாற்ற நேர்ந்தாலும் பழைய போனை விற்றுவிட வேண்டாம்.

விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். அதுவரை அங்கே போக முடியாது என்றால், மூன்று மாதம் வரை விடுப்பு தரப் பரிந்துரைக்கும்படி குழுவிடம் எழுத்தில் கேளுங்கள். அது உங்கள் சொந்த விடுப்பில் கழியாது. சமரசம் என்பது நீங்கள் கேட்டால் மட்டுமே, அதிலும் பணம் வாங்கி முடிப்பது கூடாது. ‘நிரூபிக்க முடியாவிட்டால் உன் மேலேயே நடவடிக்கை’ என்று பயமுறுத்துவார்கள். நிரூபிக்க முடியவில்லை என்பதாலேயே ஒரு புகார் பொய்ப் புகார் ஆகிவிடாது என்று சட்டமே சொல்கிறது. குழுவுக்குப் போவதால் போலீசில் புகார் தரும் உரிமையும் போகாது. உடனடி உதவிக்கு 181.

செவித்திறன் குறைபாடு உள்ளவன், 60 சதவீதச் சான்றிதழ் இருக்கிறது. அக்கவுன்ட்ஸ் வேலை. மீட்டிங்கில் பேசுவது புரிவதில்லை என்று சொன்னதற்கு, ‘தனியார் கம்பெனியில் சலுகை கிடையாது’ என்கிறார்கள். (வாசகர், அம்பத்தூர்)

4 சதவீத இட ஒதுக்கீடு அரசுத் துறைக்கானது, அதுவரை அவர்கள் சொல்வது சரி. நீங்கள் கேட்பது சலுகை இல்லையே. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21-ஆவது பிரிவுப்படி தனியார் நிறுவனங்களுக்கும் சம வாய்ப்புக் கொள்கை இருக்க வேண்டும். 20 பேர் அல்லது அதற்கு மேல் இருந்தால் அதில் என்னென்ன வசதி, யார் தொடர்பு அலுவலர் என்பதும் இருக்க வேண்டும். முதலில் அந்தக் கொள்கையின் நகலைக் கேட்டு மெயில் அனுப்புங்கள்.

அதே மெயிலில் தேவையையும் துல்லியமாகச் சொல்லுங்கள்: ஆன்லைன் மீட்டிங்கில் கேப்ஷன் ஆன் செய்வது, மீட்டிங் முடிந்ததும் முடிவுகளை எழுத்தில் அனுப்புவது, பேசுபவர் முகம் தெரியும்படி இருக்கை, தீ எச்சரிக்கைக்கு மணியோடு விளக்கு. முதல் மூன்றுக்கும் பெரிய செலவு கிடையாது. ‘உதவி வேண்டும்’ என்று பொதுவாகக் கேட்டால் ‘பார்க்கலாம்’ என்பார்கள். இப்படி நாலு வரியாகக் கேட்டால் ஒவ்வொன்றுக்கும் ஆம் அல்லது இல்லை சொல்லியாக வேண்டும். அந்த ‘இல்லை’ கையில் இருந்தால், மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் புகார் தரலாம்.

திருநங்கை நான். வேலை கிடைத்துவிட்டது. ஆதாரில் புதுப் பெயர், பி.எஃப். கணக்கில் பழைய பெயர் என்று எச்.ஆர். சேர்க்கையை நிறுத்திவைத்திருக்கிறார்கள். (வாசகி, வியாசர்பாடி)

ஆதார் மாறிவிட்டதால் பாதி வேலை முடிந்தது. அடுத்து பான், பிறகு வங்கிக் கணக்கு, கடைசியில் பி.எஃப். இந்த வரிசையில் போங்கள். பி.எஃப். விவரத்தை ஆதாரோடுதான் ஒப்பிடுவார்கள், வங்கியில் பழைய பெயர் இருந்தால் கே.ஒய்.சி. (அடையாளச் சரிபார்ப்பு) அங்கே மாட்டிக்கொள்ளும். பி.எஃப். திருத்தம் நடந்துகொண்டிருக்கிறது என்பது சேர்க்கையை நிறுத்தக் காரணம் ஆகாது. பெயர் மாற்றத்துக்கான ஆவணத்தின் நகலைக் கொடுத்து, சேரும் தேதியை எழுத்தில் கேளுங்கள்.

இழுத்தடித்தால் சட்டத்தைச் சொல்லுங்கள். திருநர் உரிமைகளைப் பாதுகாக்கும் 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி எந்த நிறுவனமும் வேலை விஷயத்தில் திருநர் என்பதற்காகப் பாகுபாடு காட்டக் கூடாது. புகார் அலுவலர் ஒருவரையும் நியமித்திருக்க வேண்டும். புகார் வந்த 15 நாளுக்குள் அவர் விசாரிக்க வேண்டும். அவர் பெயர் என்ன என்று கேட்டு ஒரு மெயில் போடுங்கள். அப்படி ஒருவரை இன்னும் நியமிக்காத நிறுவனங்களில், பல நேரம் அந்தக் கேள்விக்குப் பிறகுதான் ஃபைல் நகரும்.