தளியில் ஒரு வீடு

அன்புள்ள ஐயா,

ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். மனைவி, இரண்டு பிள்ளைகள். தளியிலிருந்து ஜவளகிரி போகும் வழியில் 30 சென்ட் நிலமும் அதில் சின்ன காட்டேஜும் 38 லட்சத்துக்கு வருகிறது. லீவுக்கு நாங்கள் தங்கலாம், மற்ற நாளில் பெங்களூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விடலாம் என்கிறார் புரோக்கர். சொந்த ஊர் பாலக்கோடு பக்கம். ஓட்டு வீட்டில் அப்பா தனியாக இருக்கிறார். பாத்ரூம் வெளியே இருப்பதால் பிள்ளைகள் அங்கே தங்க மாட்டேன் என்கிறார்கள். தளி வீட்டை வாங்கலாமா?

பெயர் வேண்டாம், ஓசூர்

அன்புள்ள நண்பருக்கு,

வேண்டாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

வருஷத்தில் எத்தனை ராத்திரி அங்கே படுப்பீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஷிஃப்ட், ட்யூஷன், சொந்தக்காரர் கல்யாணம் எல்லாம் போக 20 ராத்திரி தேறினால் அதிகம். 38 லட்சத்தை 6 சதவீத வட்டிக்குப் போட்டாலே வருஷத்துக்கு 2,28,000 வரும். காவலுக்கு ஆள், கரண்ட், மோட்டார் ரிப்பேர், வேலி என்று மாதம் 10,000 வைத்தால் இன்னொரு 1,20,000. ஒரு ராத்திரிக்கு 17,000 ரூபாய்க்கு மேல் விழுகிறது. மண் விலை ஏறும் என்பீர்கள். ஏறலாம். அதற்கு வெறும் மண் போதுமே, கட்டடம் எதற்கு?

வாடகைப் பேச்சை நம்பாதீர்கள். பெங்களூர்க்காரர்கள் கேட்பதும் நீங்கள் போக நினைக்கும் அதே சனி, ஞாயிறுதான். அரையாண்டு லீவுக்குப் போகலாமென்றால், அந்த மார்கழியில்தான் அந்தப் பக்கம் ராகி அறுப்பு. கர்நாடகக் காட்டிலிருந்து யானைக் கூட்டம் வரும் காலமும் அதுவே. பொழுது சாய்ந்தால் ஊர்க்காரர்களே வெளியே வர யோசிப்பார்கள்.

வத்தல்மலை அடிவாரத்தில் நாங்கள் அண்ணன் தம்பிகள் சேர்ந்து ஒரு வீடு வைத்திருந்தோம். முதல் ஆறு வருஷம் கோவில் மாதிரி இருந்தது. எங்கள் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு சாவி இருந்தது. வெள்ளிக்கிழமை திறந்து, கூட்டி, விளக்கேற்றுவார். கரையான் மண் ஏறினால் அன்றைக்கே விளக்குமாற்றால் தட்டிவிட்டு வேப்பெண்ணெய் தடவுவார். அவர் மகனோடு திருப்பூருக்குப் போய்விட்டார். அதற்கடுத்த பொங்கலுக்குப் போனபோது பூட்டு திறக்கவில்லை. தேங்காயெண்ணெய் விட்டு அரை மணி நேரம் ஆட்டினோம். உள்ளே நிலைக்கால் அடியிலிருந்து விரல் தடிமனுக்கு ஒரு மண் கோடு, உத்தரம் வரை. கையை வைத்து அழுத்தினேன், தேக்கு மரம் பொரி மாதிரி உள்ளே போனது. மெத்தைக்குள் எலிக்குஞ்சுகள். அம்மா உள்ளே வரவேயில்லை. திண்ணையில் உட்கார்ந்து, பூட்டிக் கிடந்த அந்த அக்கா வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டே வருஷத்தில் விற்றுவிட்டோம்.

உங்கள் தளி வீட்டுக்கு அப்படி ஒருவர் இருக்கிறாரா? கடிதத்தில் யாரும் இல்லை. அப்படியும் மனசு கேட்காவிட்டால், மூலப்பத்திரமும் 30 வருஷ வில்லங்கச் சான்றும் பார்க்காமல், கண்டிஷன் பட்டா (இஷ்டப்படி விற்க முடியாதபடி நிபந்தனையோடு அரசு கொடுத்த நிலம்) இல்லை, பாதை சர்வே வரைபடத்தில் இருக்கிறது என்று தெரியாமல், அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

ஆனால் பாலக்கோட்டு வீட்டில் ஆள் இருக்கிறார். நீங்கள் அதை ஒரு வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். தளி வீட்டுக்கு முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக நூற்றுக்கு 9 என்றால் பத்திரச் செலவே 3,42,000. அந்தக் காசில் அப்பா வீட்டை ஒட்டி நல்ல பாத்ரூம் ஒன்று கட்டலாம், உடைந்த ஓடுகளை மாற்றலாம். ஓசூரில் ரயில் ஏறினால் ராயக்கோட்டை, மாரண்டஹள்ளி தாண்டிப் பாலக்கோடு. வயதான காலத்தில் அப்பாவுக்கும் அந்த பாத்ரூம் வேண்டும். ராத்திரி இருட்டில் அவர் வெளியே போய்வருவதை நினைத்தால் எனக்கே பதறுகிறது.

சித்திரைக்குள் வேலையை முடித்துவிடுங்கள். மாங்காய் இறக்கும் சமயத்தில் பிள்ளைகளோடு பத்து ராத்திரி அங்கே தங்கிவிட்டு எனக்கு எழுதுங்கள். தளி வீடு அப்போதும் விற்காமல் இருந்தால் பேசுவோம்.