நாய் தங்காத அறையைத் தேடி: ஒவ்வாமை உள்ள தாயாருடன் அமெரிக்கச் சுற்றுலா

கேள்வி: நாங்கள் கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட் நகரில் வசிக்கிறோம். ஜூன் மாதம் மதுரையிலிருந்து என் அம்மா வருகிறார். அவருக்கு ஆஸ்துமா உண்டு. நாயும் பூனையும் அறவே ஒத்துக்கொள்ளாது. சென்ற முறை வந்தபோது வழியில் ஒரு மோட்டலில் தங்கினோம். நள்ளிரவில் அவருக்கு மூச்சிரைப்பு வந்துவிட்டது. சோபாவுக்கு அடியில் நாய் முடி கிடந்ததைக் காலையில்தான் பார்த்தோம். இம்முறை யோசெமிட்டி, லாஸ் வேகாஸ், கிராண்ட் கேன்யன் ஆகிய இடங்களுக்குக் காரில் செல்லத் திட்டம். செல்லப்பிராணிகளை அனுமதிக்கும் விடுதிகளைத் தேடுவதற்கு முன்பதிவுத் தளங்களில் வசதி இருக்கிறது. அனுமதிக்காத விடுதிகளைத் தேட வழியே இல்லை. எப்படித் தேர்ந்தெடுப்பது?

பதில்: விடுதியைத் தேடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று மதுரையில் இருக்கிறது. அன்றிரவு மூச்சிரைப்பு வந்ததற்கு நாய் முடியே காரணம் என்று நீங்கள் கருதுவது சரியாக இருக்கலாம். ஆனால் பழைய மெத்தையில் வாழும் தூசிப் பூச்சியும், ஈரம் தங்கிய குளிர்சாதனக் கருவியில் படியும் பூஞ்சையும், துப்புரவுக்குப் பயன்படுத்தும் வாசனைத் திரவங்களும் இதே தொல்லையைக் கொடுக்கக்கூடியவை. அம்மாவுக்குத் தோல் ஊசிப் பரிசோதனையோ ரத்தத்தில் ஐஜிஇ (ஒவ்வாமையைக் காட்டும் எதிர்ப்புப் புரதம்) பரிசோதனையோ இதுவரை செய்திராவிட்டால், புறப்படும் முன் செய்துகொள்ளச் சொல்லுங்கள். தோல் பரிசோதனைக்குச் சில நாள்கள் முன்பே ஒவ்வாமை மாத்திரைகளை நிறுத்த வேண்டியிருக்கும் என்பதால், பரிசோதனைத் தேதியை மருத்துவரிடம் கேட்டே குறிக்க வேண்டும். தூசிப் பூச்சிதான் உண்மையான எதிரி என்று தெரியவந்தால், நாயே நுழையாத விடுதியைத் தேடிப் பிடித்தும் பயன் இராது.

நாயும் பூனையும்தான் காரணம் என்று உறுதியான பிறகு, கண்ணுக்குத் தெரியும் முடியை விடத் தெரியாத புரதமே சிக்கலின் வேர் என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். பூனையின் உமிழ்நீரிலும் தோல் எண்ணெய்ச் சுரப்பிகளிலும் உருவாகும் ஃபெல் டி 1 என்ற புரதமும், நாயின் கேன் எஃப் 1 என்ற புரதமும் உதிர்ந்த தோல் செதில்களோடு ஒட்டிக்கொண்டு மிக நுண்ணிய துகள்களாகக் காற்றில் மிதக்கின்றன. பிறகு கார்ப்பெட், திரைச்சீலை, சோபா, மெத்தை ஆகியவற்றில் படிந்து, யாராவது நடந்தாலோ உட்கார்ந்தாலோ மீண்டும் மேலெழுகின்றன. பூனையை வீட்டிலிருந்து அகற்றிய பிறகு, பூனையே இல்லாத வீடுகளின் அளவுக்கு அப்புரதம் குறையப் பெரும்பாலான வீடுகளில் 20 முதல் 24 வாரங்கள் ஆயின என்று 1989இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. நேற்றுக் காலை நாயோடு ஒருவர் காலி செய்த அறையை இன்று மாலைக்குள் வெற்றிடத் துப்புரவுக் கருவியால் சுத்தம் செய்து, 'ஆழ்ந்த துப்புரவு' என்று அதற்குத் தனிக் கட்டணமும் வசூலித்தால், முடி போயிருக்கும். புரதத்தின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கும். முடி உதிராத இன நாய்கள் பாதுகாப்பானவை என்ற பேச்சையும் நம்ப வேண்டாம். அத்தகைய நாய்கள் வளரும் வீடுகளிலும் மற்ற நாய்கள் வளரும் வீடுகளிலும் இந்தப் புரதத்தின் அளவில் வேறுபாடு காணப்படவில்லை என்று டெட்ராய்ட் நகரின் ஹென்றி ஃபோர்டு மருத்துவமனை ஆய்வாளர்கள் 2011இல் தெரிவித்தார்கள்.

அடுத்தது, பலரும் எதிர்பாராத ஒரு சட்ட நிலை. செல்லப்பிராணிகளுக்கு இடமில்லை என்று வாசலிலேயே எழுதி வைத்திருக்கும் அமெரிக்க விடுதியும், மாற்றுத்திறனாளி ஒருவருக்கு உதவப் பயிற்றுவிக்கப்பட்ட நாயை மறுக்க முடியாது. அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின்படி அது செல்லப்பிராணியாகவே கருதப்படுவதில்லை. அதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது. அதன் உரிமையாளரை நாய்களுக்கென ஒதுக்கிய அறைகளில்தான் தங்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தவும் கூடாது. மற்றொரு விருந்தினருக்கு ஒவ்வாமை இருப்பது அந்த நாயை மறுப்பதற்குக் காரணமாகாது. மன ஆறுதலுக்காக மட்டும் வைத்திருக்கும் பிராணிகளுக்கு இந்தச் சட்டத்தில் அவ்வுரிமை இல்லை. ஆனால் விடுதி ஊழியர் ஆவணம் எதையும் கேட்க முடியாது. மாற்றுத்திறன் காரணமாக அந்த நாய் தேவைப்படுகிறதா, என்ன பணிக்குப் பயிற்சி பெற்றது என்ற இரண்டு கேள்விகளை மட்டுமே கேட்கலாம் என்பதால், சாதாரண வளர்ப்பு நாய்களும் அந்தப் பெயரில் உள்ளே வந்துவிடுவதுண்டு. பார்வையற்றவரின் வழிகாட்டி நாய்க்கு உள்ள உரிமையைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஒரு நாயும் காலடி வைக்காத விடுதி என்று எவரும் உங்களுக்கு உத்தரவாதம் தர முடியாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். ஆகவே நீங்கள் தேட வேண்டியது விடுதியின் பெயர்ப்பலகையை அல்ல, அண்மையில் நாய் தங்காத, கார்ப்பெட் குறைந்த ஓர் அறையை.

இணையத் தேடல் இதற்குப் பாதி வழிதான் உதவும். விடுதியின் சொந்த இணையதளத்தில் விதிமுறைகள் பகுதியில் பிராணிகள் அனுமதிக்கப்படுவதில்லை என்று தெளிவாக எழுதியிருந்தால் அதைப் பட்டியலில் சேருங்கள். எதுவும் எழுதாமல் விட்டிருந்தால் அனுமதி உண்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள். நிறுவனத்தின் பெயரை மட்டும் வைத்து முடிவு செய்வதும் ஆபத்தானது. மோட்டல் 6, ரெட் ரூஃப், கிம்ப்டன் போன்றவை பிராணிகளை வரவேற்பதற்குப் பெயர்பெற்றவை என்பதால் அவற்றை எளிதில் ஒதுக்கிவிடலாம். மற்றப் பெரிய பெயர்களில் பலவும் உரிமம் பெற்றுத் தனியார் நடத்துபவை. ஒரே பெயர் கொண்ட இரண்டு விடுதிகளில் ஒன்று நாயை ஏற்கும், மற்றொன்று ஏற்காது. விருந்தினர் மதிப்புரைகளில் நாய் என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள். எங்கள் நாயையும் அன்போடு கவனித்தார்கள் என்று யாரோ மகிழ்ந்து ஐந்து நட்சத்திரம் கொடுத்திருப்பது உங்களுக்கு எச்சரிக்கை.

ஏர்பிஎன்பி போன்ற தளங்களில் வாடகைக்குக் கிடைக்கும் வீடுகளில் வேறொரு பொறி இருக்கிறது. விருந்தினர் பிராணிகளைக் கொண்டுவரக் கூடாது என்ற விதி, வீட்டு உரிமையாளரின் பூனை அங்கேயே வாழ்வதைத் தடுப்பதில்லை. அந்த இடத்தில் பிராணிகள் வசிக்கின்றனவா என்பது விவரப் பக்கத்தின் அடியில் பாதுகாப்புக் குறிப்புகளோடு இருக்கும். அதைப் படித்த பிறகும், உரிமையாளருக்கு எழுதி, ஆள் இல்லாத நாள்களில் அவருடைய குடும்பம் நாயோடு வந்து தங்குவதுண்டா என்று கேளுங்கள். யோசெமிட்டியைச் சுற்றியுள்ள ஓக்ஹர்ஸ்ட், மாரிபோசா, குரோவ்லேண்ட் ஊர்களின் மலைவீடுகளுக்கு இந்தக் கேள்வி மிகவும் பொருந்தும்.

தொலைபேசியில் பேசுவதே மீதிப் பாதி. நிறுவனத்தின் பொது எண்ணை விட்டுவிட்டு, அந்தக் குறிப்பிட்ட விடுதியின் ரிசப்ஷனுக்கே, விருந்தினர் வருகைப் பரபரப்பு தொடங்கும் முன், முற்பகலில் பேசுங்கள். "உங்கள் விடுதியில் நாய் உண்டா?" என்று கேட்டால், நீங்களும் நாயோடு வரப்போகிறீர்கள் என்று நினைத்து மகிழ்ச்சியோடு உண்டு என்பார்கள், அல்லது கொள்கையை ஒப்பித்துவிட்டு வைத்துவிடுவார்கள். அம்மாவுக்கு ஆஸ்துமா, நாய் தங்கிய அறையில் அவரால் மூச்சுவிட முடியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டு, பிராணிகளோடு வருபவர்களுக்கு எந்த மாடி அல்லது எந்தக் கட்டடம் தரப்படுகிறது, அதிலிருந்து விலகிய மாடியில் அறை கிடைக்குமா, கார்ப்பெட் இல்லாத தரை உள்ள அறைகள் இருக்கின்றனவா, அறையின் துப்புரவுப் பதிவில் அண்மையில் நாய் தங்கியதாகக் குறிப்பு உண்டா என்று வரிசையாகக் கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு எல்லோராலும் பதில் சொல்ல முடியாது. முயன்று பார்த்துச் சொல்கிறேன் என்பவரின் விடுதி, எங்கள் அறைகள் எல்லாமே சுத்தமானவை என்று முடித்துக்கொள்பவரின் விடுதியை விட மேலானது. ஒவ்வாமை உள்ளவருக்குப் பொருந்தும் வேறு அறையைக் கேட்பது சலுகையும் அல்ல: நாயோடு வரும் மாற்றுத்திறனாளிக்கும் ஒவ்வாமை உள்ளவருக்கும் வெவ்வேறு இடம் ஒதுக்கி இருவரையும் ஏற்க வேண்டும் என்பதே அமெரிக்க நீதித்துறையின் வழிகாட்டுதல்.

முன்பதிவை இடைத்தரகுத் தளங்கள் வழியாகச் செய்யாமல் நேரடியாகவே செய்யுங்கள். தளத்தில் நீங்கள் எழுதும் குறிப்புகள் ரிசப்ஷன் மேசைக்கு வந்து சேராமல் போவது அன்றாட நிகழ்வு. விலை குறைவு என்பதற்காகப் பணம் திரும்பக் கிடைக்காத வகையில் பதிவு செய்யாதீர்கள். பிடிக்காத அறையை விட்டு வெளியேறும் உரிமைக்காகச் சில டாலர்கள் கூடுதலாகக் கொடுப்பதில் தவறில்லை. அறைகள் பெரும்பாலும் முந்தைய நாளோ அன்று காலையோதான் ஒதுக்கப்படும் என்பதால், முந்தைய நாள் மீண்டும் ஒருமுறை கூப்பிடுங்கள்.

உங்கள் மூன்று இடங்களில் யோசெமிட்டிதான் எளிது. பூங்காவுக்கு உள்ளே பூங்கா சார்பில் நடத்தப்படும் விடுதிகளில் செல்லப்பிராணிகளுக்கு அனுமதி இல்லை. உதவி நாய்களுக்கு மட்டுமே விலக்கு. கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்பில் பூங்காவுக்குள் பிராணிகளோடு தங்கக்கூடிய அறைகள் யாவபாய் லாட்ஜில் மட்டும் இருக்கின்றன. எல் டோவர், பிரைட் ஏஞ்சல், மாஸ்விக் முதலியவற்றில் இல்லை. நாயோடு வரும் பயணிகள் அதைப் பகலில் விட்டுச்செல்லப் பூங்காவிலேயே நாய்க் காப்பகமும் உண்டு. இரண்டு பூங்காக்களிலும் அறைகளுக்கு ஓராண்டுக்கு முன்பே பதிவு திறந்துவிடுவதால், ஜூன் மாதத்துக்கு இப்போது இடம் இல்லை என்று காட்டக்கூடும். அதோடு விட்டுவிடாமல், ரத்தாகும் அறைகளுக்காக அடிக்கடி பாருங்கள். கிராண்ட் கேன்யன் பூங்காவுக்கு வெளியே உள்ள துசாயான் ஊரில் தங்க நேர்ந்தால் ஒவ்வொரு விடுதியையும் தனித்தனியாக விசாரிக்க வேண்டும். தெற்கு விளிம்பு கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அங்கே அம்மாவுக்கு வரும் இளைப்பு முழுவதையும் அறையின் மேல் போட்டுவிடக் கூடாது என்பதும் நினைவிருக்கட்டும்.

லாஸ் வேகாஸ்தான் கடினம். அங்குள்ள பெரிய சூதாட்ட விடுதிகளில் பல நாய்களை ஏற்கின்றன; சீசர்ஸ் குழுமம் அதற்கென்றே தனித் திட்டம் நடத்துகிறது. நெவாடா மாநிலத்தில் 2006இல் வந்த புகைத் தடைச் சட்டம் சூதாட்டக் கூடங்களுக்கு விலக்கு அளித்திருப்பதால், லிஃப்டுக்குப் போகும் வழியெல்லாம் சிகரெட் புகையைக் கடக்க வேண்டியிருக்கும். ஆஸ்துமாக்காரருக்கு அது நாயை விட மோசமாகலாம். பார்க் எம்ஜிஎம் 2020 முதல் முழுவதும் புகையற்ற விடுதியாக இயங்குகிறது, ஆனால் புகையில்லாத விடுதி நாயில்லாத விடுதி ஆகிவிடாது. அங்கும் மேற்சொன்ன கேள்விகளைக் கேட்கத்தான் வேண்டும். என் கருத்தைக் கேட்டால், சூதாட்டக் கூடமே இல்லாத, பிராணிகளை ஏற்காத சிறிய விடுதி ஒன்றில் இரவு தங்கி, விளக்கு அலங்காரங்களைத் தெருவில் நடந்து பார்த்துவிட்டு வருவதே அம்மாவுக்கு நல்லது.

விடுதியை அடைந்ததும் பெட்டிகளை இறக்கும் முன் நீங்கள் மட்டும் அறைக்குள் சென்று, கட்டிலுக்கு அடியிலும் சோபா மெத்தைகளின் இடுக்கிலும் திரைச்சீலையின் கீழ்விளிம்பிலும் பாருங்கள். முடி தென்பட்டால் உடனே வேறு அறை கேளுங்கள். ஜன்னலுக்குக் கீழே சுவரில் பொருத்திய குளிர்சாதனக் கருவி உள்ள அறைகளில் அதன் வடிகட்டியைக் கழுவித் தரச் சொல்லலாம். நீங்கள் காரில் செல்வதால் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது: வீட்டிலிருந்து, நுண்துகள்களையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள சிறிய காற்றுத் தூய்மைக் கருவியைக் கொண்டுசென்று, கதவைச் சாத்தி, அம்மா உள்ளே வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஓடவிடலாம். ஓசோன் வெளியிடும் கருவிகள் வேண்டாம். அவை ஆஸ்துமாவைக் கிளறிவிடும். துவைத்த படுக்கை விரிப்பும் தலையணை உறையும் உங்களுடையதாகவே இருக்கட்டும். அலங்காரத்துக்காகக் கட்டிலின் மேல் போட்டிருக்கும் கனத்த போர்வை ஒவ்வொரு விருந்தினருக்குப் பிறகும் துவைக்கப்படுவதில்லை என்பதால் அதை மடித்து அலமாரியில் வைத்துவிடுங்கள். வாடகைக் கார் எடுப்பதாக இருந்தால் அதன் பின்னிருக்கைகளையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும்.

மருந்து விஷயத்தில் அம்மாவின் மருத்துவர் சொல்வதே முடிவு. பொதுவாக, மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு மருந்து முழுப் பலன் தரச் சில நாள்கள் ஆகும் என்பதால் பயணத்துக்கு ஓரிரு வாரங்களுக்கு முன்பே தொடங்கச் சொல்வார்கள். தினமும் எடுக்கும் தடுப்பு இன்ஹேலரை, உடம்பு நன்றாக இருக்கிறது என்று பயணத்தின் நடுவே நிறுத்தக் கூடாது. இரைப்பை உடனே தணிக்கும் சால்பியூட்டமால் இன்ஹேலரை விமானத்தில் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளட்டும். அதே மருந்துக்கு அமெரிக்காவில் ஆல்பியூட்டரால் என்று பெயர் என்பதையும், அங்கே மருத்துவர் சீட்டு இல்லாமல் அதை வாங்க முடியாது என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொண்டால் அவசரத்தில் திண்டாட நேராது. அவருக்கு எடுக்கும் பயணக் காப்பீடு, ஏற்கெனவே உள்ள நோயாகிய ஆஸ்துமாவுக்குச் செலவு தருமா என்பதையும் பாருங்கள். மலிவான திட்டங்கள் பல தருவதில்லை.

அறைக்குள் நுழைந்தவுடன் தும்மல் வரவில்லை என்பதால் அது நல்ல அறை என்று முடிவு செய்துவிடாதீர்கள். ஒவ்வாமையின் இரண்டாவது அலை 4 முதல் 8 மணி நேரம் கழித்தும் வரும். மாலையில் நன்றாக இருந்தவருக்கு நள்ளிரவில் இரைப்பு தொடங்குவது அதனால்தான். அப்படித் தொடங்கினால் விடியட்டும் என்று காத்திராமல், சால்பியூட்டமால் இன்ஹேலரைக் கொடுத்து, அவரை அறைக்கு வெளியே காற்றோட்டமான இடத்தில் உட்காரவைத்துவிட்டு வேறு அறை கேளுங்கள். மருந்துக்குப் பிறகும் மூச்சு சீராகாவிட்டாலோ, முழு வாக்கியம் பேச முடியாமல் திணறினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, அறையைப் பற்றிய பேச்சை விட்டுவிட்டு அவசர உதவி எண்ணான 911ஐ அழையுங்கள்.