கட்டட வேலை செய்பவருக்கு ஹீட் ஸ்ட்ரோக் வருகிறது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

பேச்சைக் கவனியுங்கள். வேலூர்ப் பக்கம் மேஸ்திரியாக இருக்கும் எனக்கு அனுபவத்தில் தெரிந்த முதல் அடையாளம் அதுதான்.

கத்திரி வெயிலில் ஒருநாள் தளத்துக்குக் கான்கிரீட் போட்டுக்கொண்டிருந்தோம். பதினொரு மணி இருக்கும். பல வருடமாக எங்களோடு வரும் சித்தாள் அக்கா, சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டே "என் சட்டிய யாரு எடுத்தது?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அதற்குள் கால் தடுமாறி உட்கார்ந்துவிட்டார். தொட்டால் உடம்பு அனலாகக் கொதிக்கிறது, ஆனால் வியர்வை நிற்கவில்லை. வியர்வை நின்றால்தான் ஹீட் ஸ்ட்ரோக் என்று நானும் நினைத்திருந்தேன். உழைப்பவர்களுக்கு வியர்க்கும்போதே வந்துவிடும்.

ஒரு பையன் காய்ச்சல் மாத்திரை வாங்க ஓடினான். பாராசிட்டமால் இதற்குக் கேட்காது. காய்ச்சலில் மூளையே சூட்டை ஏற்றி வைக்கிறது, மாத்திரை அதை இறக்கும். இங்கே சூடு வெளியேற வழியில்லாமல் ஏறுகிறது. தண்ணீரும் காற்றும்தான் வைத்தியம். 108-க்குச் சொல்லிவிட்டு, நிழலில் படுக்கவைத்து, பைப்பைத் திறந்தோம். வெயிலில் கிடந்த பைப்பில் முதலில் சுடுதண்ணீர்தான் வரும், அதை வெளியே விட்டுவிடுங்கள். அப்புறம் தலை முதல் கால்வரை நனைத்து, அட்டையால் விசிறினோம். வண்டி வரும்வரை நிறுத்தவில்லை. வாயில் தண்ணீர் ஊற்ற வந்தவர்களைத் தடுத்தேன். நினைவு குழம்பியவருக்குப் புரையேறிவிடும். அக்கா பிழைத்துக்கொண்டார்.

தலைசுற்றல், குமட்டல், கெண்டைக்கால் பிடிப்பு இருந்தும் பேச்சு தெளிவாக இருந்தால் அது முந்தைய கட்டம். நிழலில் உட்காரவைத்து ஓஆர்எஸ் அல்லது உப்பு போட்ட மோர் கொடுங்கள். அரை மணி நேரத்தில் தெளியவில்லை என்றால் ஆஸ்பத்திரிதான். பேச்சோ நடையோ குழம்பிவிட்டால் அந்த அரை மணிகூடக் காத்திருக்காதீர்கள். அப்போது உடம்புச் சூடு பெரும்பாலும் 104 டிகிரியைத் தாண்டியிருக்கும்.

அக்கா அன்று காலையிலிருந்து தண்ணீரே குடிக்கவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. சைட்டில் கழிப்பறை இல்லை. பெண்கள் தாகத்தை அடக்கிக்கொண்டு வேலை செய்கிறார்கள் என்பது இத்தனை வருடத்தில் என் கண்ணில் படவே இல்லை. அது என் தவறு. இப்போது அஸ்திவாரத்துக்கு முன்பே தகரம் அடித்து ஒரு கழிப்பறை போட்டுவிடுகிறேன். தளம் போடுவதை விடியற்காலையில் தொடங்குகிறோம். புதிதாக வருபவர்களுக்கு முதல் வாரம் பாதி நேரம்தான் வெயில் வேலை. உடம்பு வெயிலுக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் வேண்டும்.