மாதம் மூன்று வீத லாபம்

அன்புள்ள அக்கா,
செங்கலடியில் பட்டிக்காரரிடம் எருமைப்பால் எடுத்து, சட்டித் தயிர் போட்டுக் கல்முனை வரை கொடுக்கிறேன். குளிர் அறை, லொறி என்று பெரிதாகச் செய்ய 60 இலட்சம் வேண்டும். சுவிஸ் மாமா 15 தருவார். மீதிக்கு, “ஒரு இலட்சம் போடுங்கள், மாதம் மூன்று வீத லாபம், கேட்ட நேரம் போட்ட முதல் திரும்பக் கிடைக்கும்” என்று முகநூலில் போடலாமா? பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர் பதிந்திருக்கிறேன்.
– கே., செங்கலடி

அன்புள்ள தம்பி,

அதைப் போட்டுவிடாதீர்கள். லாபம் என்று சொன்னாலும், மாதம் இவ்வளவு என்று நிச்சயித்து, கேட்டதும் முதலைத் தருவதாக ஊரெல்லாம் காசு சேர்த்தால் அது வைப்புத்தான். இலங்கை மத்திய வங்கியின் அனுமதிப்பத்திரம் இல்லாமல் வைப்பு வாங்குவது 2011ஆம் ஆண்டின் 42ஆம் இலக்க நிதித் தொழில் சட்டப்படி குற்றம். ஏமாற்றும் எண்ணம் இல்லை என்பது அங்கே எடுபடாது. சட்டத்தை விடுங்கள்; 45 இலட்சத்துக்கு மூன்று வீதம் என்றால் மாதம் 1,35,000 ரூபாய். பெரும்போக வேளாண்மை தொடங்கி மாட்டுப்பட்டிகள் மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைப் பக்கம் போனபிறகு பால் வந்து சேருவதே பெரும்பாடு. அந்த மாதமும் கட்டவேண்டுமே?

கடனா, பங்கா என்று முதலில் முடிவெடுங்கள். பங்கு கொடுப்பதென்றால் கம்பனி வேண்டும். வியாபாரப் பெயர்ப் பதிவு உங்களையும் தொழிலையும் பிரிக்காது. தொழில் கடன்பட்டால் வீடு வளவுக்கும் ஆபத்து. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி, தனியார் கம்பனியில் ஊழியர் நீங்கலாக 50 பங்குதாரர் வரைதான் இருக்கலாம். பொதுமக்களிடம் பங்கு விற்கவும் கூடாது. ஆகவே முகநூல் இங்கும் சரிவராது. தெரிந்த நாலைந்து பேரிடம் கணக்குக் கொப்பியோடு நேரில் போங்கள். அவர்களுக்கும் மாத லாபம் என்று வாக்குக் கொடுக்க வேண்டாம். கடன்களைத் தீர்க்கும் வல்லமை கம்பனிக்கு இருக்கிறதென்று பணிப்பாளர்கள் திருப்திப்பட்டால்தான் பங்கிலாபம் பிரிக்கலாம்.

ஒப்பந்தத்தில் சண்டை வரக்கூடிய இடங்களைத்தான் விரிவாக எழுதவேண்டும். காசோலையில் யார் யார் கையெழுத்து? விலகுகிறவரின் பங்கை யார், என்ன விலைக்கு வாங்குவது? மகளுக்குக் கலியாணம் பேசியதும் போட்ட காசைக் கேட்டு வருகிறவர்கள்தானே நம் ஊரில் அதிகம்.

மாமா பங்கு எடுப்பதானால், அவருடைய காசு, வெளிநாட்டிலிருப்பவர் இங்கே முதலிடுவதற்கான உள்முக முதலீட்டுக் கணக்கு வழியாக வரட்டும். வங்கியில் கேட்டால் திறந்து தருவார்கள். வங்கியைத் தொடாமல் ஆள்வழியாக உண்டியலில் வந்த காசென்றால், பிறகு லாபத்தையும் முதலையும் முறைப்படி சுவிஸுக்கு அனுப்புவது பெரிய சிக்கல். கம்பனி வேண்டாம், மாமாவும் மருமகனும் கூட்டாகச் செய்வோம் என்றாலும் வாய்ப்பேச்சு போதாது. மூலதனம் ஆயிரம் ரூபாயைத் தாண்டிய கூட்டு வியாபாரத்துக்கு எழுத்தும் கையெழுத்தும் வேண்டும் என்கிறது 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம். அது இன்றும் செல்லும். காசு கைமாறுவதற்கு முன்பே மட்டக்களப்பில் ஒரு சட்டத்தரணியைப் பிடித்து இதையெல்லாம் எழுதிவிடுங்கள்.